தலைகீழாய் நின்ற நாற்காலி

அத்தியாயம் 7

மார்ச் மாதத்துக்கு வசந்தம் என்று பெயர் வைத்தவனைப் பிடித்துக்கொண்டு வந்து ஸெனோவியாவின் இடது கால் பூட்ஸுக்குள் நிற்க வைக்க வேண்டும். அதில் எங்கோ ஓர் ஓட்டை. கீழ்த்தெருவில் இறங்கியதுமே பனித்தண்ணீர் உள்ளே புகுந்து, காலுறையை நனைத்து, விரல் இடுக்குகளில் குடியேறிவிட்டது.

முந்தாநாள் இரவு முழுவதும் உறைமழை. விழுந்த இடத்திலேயே கண்ணாடியாகப் படிந்துவிடும் அந்த மழைக்குப் பயந்து சுச்சேவா நகரத்தில் ஒருவரும் வாசலைத் தாண்டவில்லை. நேற்று மதியம் தெற்குக் காற்று அடித்தது. எல்லாம் இளகிப் பள்ளத்தைத் தேடி ஓடின. பள்ளம் என்றால் கீழ்த்தெருதான். குளிர்காலம் பூராவும் பனி மூடி வைத்திருந்த அசிங்கம் அத்தனையும் வெளியே வந்து மிதந்தது. நாய்க்கழிவு, சிகரெட் துண்டு, கிறிஸ்துமஸ் மரத்தின் மொட்டைக் கிளை, ஊறி உப்பிய புறா ஒன்று. கூரைகளிலிருந்து பனிப்பாளங்கள் சரிந்து தொப்தொப்பென்று நடைபாதையில் விழுந்துகொண்டிருந்தன.

"ஊரு வெள்ளையா இருந்தப்ப எவ்வளவு லட்சணமா இருந்துச்சு மேடம்," என்றான் பாம்ஃபில். "இப்பதான் மேக்கப் கலைஞ்ச மூஞ்சி தெரியுது."

"வாய மூடிக்கிட்டு கூரையப் பாத்து நட. மண்டைல விழுந்தா உன் ஜோக்க உன் கல்லறைலதான் எழுதணும்."

ஸெனோவியா தனியார் துப்பறிவாளர். ஐம்பதைத் தாண்டியவள். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைப் படித்துப் படித்து, மனிதர்களைப் பார்த்தாலே மூக்கைச் சுளிக்கும் பழக்கம் வந்துவிட்டது. பாம்ஃபில் அவளுடைய உதவியாளன். ஒட்டடைக்குச்சி உடம்பு, கோட்டுப் பையில் எந்நேரமும் சூரியகாந்தி விதை, நாக்கில் எந்நேரமும் ஏதாவது ஒரு நக்கல். அவன் இல்லாமல் அவளால் ஒரு நாளைக் கழிக்க முடியாது. அதை அவள் அவனிடம் சொன்னதில்லை.

தெருவின் நடுவே, சில்வெஸ்த்ருவின் மதுக்கடைக்கு எதிரே, பாதாளச் சாக்கடைக் குழி வாயைப் பிளந்து கிடந்தது. வெள்ளம் சுழன்று அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கனத்த இரும்பு மூடி ஓரமாகக் கிடந்தது. நேற்று சாயங்காலம் ஒரு மனிதனை விழுங்கிய குழி அது. அதற்குப் போலீஸ் செய்திருந்த பாதுகாப்பு ஏற்பாடு, மேலே ஒரு மர நாற்காலி. அவ்வளவுதான்.

"ஒரு உயிரு போயிருக்கு. மூடியத் தூக்கிப் போட ஒருத்தனுக்கும் கை வரல," என்றாள் ஸெனோவியா. "நாற்காலி வச்சா போதுமாம்."

"நம்ம தேசத்துல நாற்காலிதான மேடம் சட்டம். பனி வாரின இடத்துல வச்சா பார்க்கிங். குழில வச்சா அபாயம். கட்சில வச்சா மந்திரி."

அவன் சொன்னது பொய்யில்லை. பனியை வாரி இடம் செய்தவன் அந்த இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டுப் போவான். அதன்பின் அங்கே வேறு எவனும் காரை நிறுத்தக் கூடாது. குழியில் விழுந்து இறந்துபோன கவ்ரில் கிழவருக்கு இந்த வழக்கம்தான் வேப்பங்காய். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கே நாற்காலியைப் பார்த்தாலும், "தெரு என்ன உங்கப்பன் சொத்தா?" என்று கத்தி உதைத்துத் தள்ளிவிட்டுப் போவார்.

அதனால்தான் தெரு முழுக்க ஒரே பேச்சு. குழியின் மேல் எச்சரிக்கைக்காக வைத்த நாற்காலியைக் கிழவர் பார்க்கிங் நாற்காலி என்று நினைத்து உதைத்துத் தள்ளினார், அடுத்த அடியில் உள்ளே போனார். அப்படியானால் மூடியைத் திறந்து போட்டது யார்? நகராட்சிச் சாக்கடைத் தொழிலாளி தோவாதர். அவன் இப்போது லாக்கப்பில்.

தோவாதரின் மனைவி ருக்சந்த்ராதான் ஸெனோவியாவை வரச் சொல்லியிருந்தாள். மதுக்கடைச் சுவரோரம் காத்திருந்தாள். இரவெல்லாம் அழுத முகம். ஸெனோவியாவைக் கண்டதும் தண்ணீரைப் பொருட்படுத்தாமல் ஓடி வந்தாள்.

"அக்கா, மதியத்துக்குள்ள அவர கோர்ட்டுல நிறுத்தப் போறாங்களாம். அப்புறம் ஜெயிலுதான்னு இன்ஸ்பெக்டர் சொல்றாரு. அவரு திறந்தது வாஸ்தவம்க்கா. முந்தாநாள் சாயங்காலம், மழை வர்றதுக்கு முன்னாடி, அடைப்பு இருக்கான்னு பாக்கத் திறந்தாரு. பாத்துட்டு மூடிட்டாரு."

"மூடினத நீ பாத்தியா?"

"பாக்கல. ஆனா அவரு மூடியப் போட்டா குதிகாலால ரெண்டு மிதி மிதிப்பாருக்கா. டங்கு டங்குன்னு தெருவுக்கே கேக்கும். அத மிதிக்காம அவரால வீட்டுக்கு வர முடியாது. அன்னிக்கும் எல்லாருக்கும் கேட்டிருக்கும். இப்ப வீடு வீடா போய்க் கேட்டா ஜன்னலச் சாத்திக்கிறாங்க."

ஸெனோவியா நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு பக்கமும் ஜன்னல் திரைகள் அவசரமாக விழுந்தன. வேடிக்கை பார்க்கக் கண் உண்டு, சாட்சி சொல்லத்தான் வாயில்லை. காறித் துப்பலாம் போல இருந்தது. ஏற்கெனவே தெரு அசிங்கமாகக் கிடந்ததால் துப்பவில்லை.

"நேத்து உன் புருஷன் எங்க இருந்தான்?"

"மேட்டுப் பக்கத்துல, மத்த தொழிலாளிங்களோட வேலை. காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும். அதுக்கு சாட்சி இருக்கு. அதனாலதான் முந்தாநாளே திறந்து போட்டுட்டுப் போய்ட்டாருன்னு சொல்றாங்க."

"யாரு சொல்றது?"

ருக்சந்த்ரா தலையால் மதுக்கடையைக் காட்டினாள்.

வாசலில் சில்வெஸ்த்ரு நின்றிருந்தான். உப்பிய கன்னம், எண்ணெய் தடவி வாரிய தலை, வயிற்றைச் சுற்றி வெள்ளை ஏப்ரன். ஓர் ஆள் இறந்த வாசலில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தான்.

"வாங்க மேடம், வாங்க! குளிருக்கு ஒரு சின்ன பிளம் சாராயம் ஊத்தட்டுமா? பாவம், நல்ல மனுஷன் கவ்ரில். நான் அப்பவே உஷாராதான் இருந்தேன். முந்தாநாள் அந்தத் தோவாதர் குழியத் திறந்து போட்டுட்டு நடையக் கட்டிட்டான். நான்தான் மனசு கேக்காம என் நாற்காலிய எடுத்துட்டு வந்து குழி மேல வச்சேன். மழை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே. அந்த மழை பூராத்தையும் அந்த நாற்காலி நின்னு வாங்குச்சு. நேத்து கிழவர் வந்து..." உதைப்பது போல் காலை ஆட்டிக் காட்டினான். "விதி!"

"நீங்க வச்சத யாராவது பாத்தாங்களா?"

"மழைக்குப் பயந்து எல்லாம் வீட்டுக்குள்ள இருந்தா யாரு பாப்பா? கடவுள் பாத்தாரு."

"கடவுள கோர்ட்டுக்குக் கூப்பிட சம்மன் எங்க ஒட்டுறது மேடம்?" என்றான் பாம்ஃபில்.

சில்வெஸ்த்ருவின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது.

"நீங்க வச்ச அந்த நாற்காலி இப்ப எங்க?" என்றாள் ஸெனோவியா.

"பின்னாடி. இன்ஸ்பெக்டர் பத்திரமா வைக்கச் சொன்னாரு, அப்புறம் வந்து எடுத்துக்கிறேன்னு. எதுக்குங்க அது? சாதாரண நாற்காலி."

பின்பக்கம் வெயில் அதிகம் படாத சின்ன முற்றம். கோடையில் பீர் குடிக்க வருகிறவர்களுக்கான இடம். வடக்குப் பார்த்த சுவரோரம் நாற்காலி நிமிர்ந்து நின்றிருந்தது. மழையின் பனி இன்னும் அதன் மேல் பளபளத்தது. ஆனால் சொட்டு விழ ஆரம்பித்துவிட்டது. கூரை விளிம்பைத் தாண்டி வெயில் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

ஸெனோவியா குனிந்தாள். ஒரு சுற்று சுற்றி வந்தாள். பிறகு அசையாமல் நின்றுவிட்டாள்.

"பாம்ஃபில், கூரைலேர்ந்து தொங்குதே பனி விழுது, அது எந்தப் பக்கம் வளரும்?"

"கீழ்ப் பக்கம். எங்க மாமா ஒருத்தர் குடிச்சிட்டு வேற மாதிரி சொல்வாரு, அவர விடுங்க."

"இதப் பாரு."

பாம்ஃபில் பார்த்தான். மென்றுகொண்டிருந்த விதையை மெல்லாமல் நிறுத்தினான். நாற்காலிச் சாய்மானத்தின் மேல் விளிம்பில், விரல் நீளப் பனி விழுதுகள் வரிசையாக வானத்தைப் பார்த்து நின்றன. இரண்டொன்று உடைந்திருந்தாலும் மற்றவை முழுசாக இருந்தன. உட்காரும் பலகையின் அடிப்பக்கம் பனி தடித்துக் கிடந்தது. மேல்பக்கம் வெறும் மரம்.

"ஐயையோ," என்றான் பாம்ஃபில். "எங்க மாமா சொன்னது நெசம்தான் போல."

"மழை தரைலேர்ந்து மேல பெஞ்சுதா? இல்ல, இந்த நாற்காலி மழை பூரா தலைகீழா இருந்துச்சா? குடை வச்சிருக்கியா?"

"வெயிலடிக்கிது மேடம்."

"அதுக்குத்தான்டா குடை! விழுது உருகுச்சுன்னா தோவாதர் காலி. பிடி! முதல்ல போட்டோ எடு, அப்புறம் பிடி."

பாம்ஃபில் செல்போனில் எல்லாப் பக்கமும் படம் எடுத்தான். பிறகு, விருந்தாளிக்குப் பிடிப்பது போல மரியாதையாக நாற்காலிக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றான். "படிச்ச படிப்புக்கு நாற்காலில உக்காருவேன்னு எங்கம்மா நினைச்சாங்க. குடை பிடிப்பேன்னு நினைக்கல."

ஸெனோவியா இன்ஸ்பெக்டர் ஹரலம்புக்குப் போன் செய்தாள். அவர் வருவதற்குள் முற்றத்தின் கோடிக்கு நடந்தாள். அங்கே தோட்ட மேசைகள் கிடந்தன. பலகையில் பனி தேங்காமல் இருக்க, குளிர்காலம் பூராவும் நாற்காலிகளை மேசை மேல் கவிழ்த்து வைப்பது ஊரிலுள்ள எல்லாக் கடைகளிலும் வழக்கம். கால்கள் வானத்தைப் பார்க்க, சாய்மானங்கள் மேசை விளிம்புக்கு வெளியே தொங்க, ஒவ்வொன்றும் பனியில் உறைந்திருந்தது. கடைசி மேசையில் மட்டும் ஒரு மூலை காலி. சுற்றிலும் கண்ணாடிப் பனி படர்ந்த பலகையில், அந்த மூலையில் மாத்திரம் உட்காரும் பலகை அளவுக்கு ஓர் இடம் வெறும் மரமாக இருந்தது. முன்பக்கம் அகன்று பின்பக்கம் குறுகிய, அந்த நாற்காலிப் பலகையின் அதே வடிவம். மழை பெய்து முடிகிற வரைக்கும் அங்கே ஏதோ இருந்திருக்கிறது. அதற்கப்புறம்தான் யாரோ எடுத்திருக்கிறார்கள்.

ஹரலம்ப் வந்தார். தொப்பை முதலில், அவர் பின்னால். தண்ணீரில் கால் நனைந்த கடுப்பு முகத்தில் தெரிந்தது. "என்ன மேடம், நாற்காலிக்கெல்லாம் வக்காலத்தா? அந்தப் பையனுக்கு என்ன, வெயில் மூளைய உருக்கிடுச்சா?"

"குடைக்குக் கீழ கொஞ்சம் எட்டிப் பாருங்க சார்," என்றான் பாம்ஃபில். "எங்க நாற்காலிக்கு முடி சிலிர்த்துக்கிட்டு நிக்குது."

அவர் பார்த்தார். ஸெனோவியா மேசையைக் காட்டினாள். அதையும் பார்த்தார். தாடையைச் சொறிந்தார். அந்த மனிதருக்கு மூளை இல்லாமல் இல்லை, அதை எழுப்பத்தான் ஆள் வேண்டும்.

"மழை பெய்யும்போது நாற்காலி குழி மேல இல்ல," என்றாள் அவள். "இங்க, இந்த மேசை மேல கவிழ்ந்து கெடந்துச்சு. மழைக்கு முன்னாடியே வச்சேன்னு இவரு சொன்னது பொய். முந்தாநாள் குழி திறந்து கெடந்துச்சுன்னு சொல்றதுக்கு வேற சாட்சியே கிடையாது. இவரு வார்த்தைதான் இருந்துச்சு, அதுவும் போச்சு. சில்வெஸ்த்ரு, உங்க பாதாள அறையத் திறங்க. நேத்து மதியம் வெள்ளம் அதுக்குள்ளதான வந்துச்சு?"

சில்வெஸ்த்ருவின் கன்னச் சதை ஒருமுறை ஆடியது. பாதாள அறைப் படிக்கட்டில் ஊறுகாய் முட்டைக்கோஸ் பீப்பாய்கள் பாதியில் கரையேறி நின்றன. சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரக் கறை. நாற்றம் மூக்கைத் துளைத்தது.

"சரி, சரி," என்றான். குரலில் இருந்த பாகு போய்விட்டது. "நான்தான் திறந்தேன். நேத்து மதியம், தண்ணி வடியட்டும்னு. என் சரக்கு முழுகுது, நகராட்சிக்காரன் வர்ற வரைக்கும் கையக் கட்டிக்கிட்டு நிக்கவா? எல்லாத் தெருவுலயும் எல்லாரும் செய்யறதுதான். திறந்துட்டு உள்ள போனேன், வேலைல மறந்துட்டேன். அப்புறம் வந்து பாத்தா கிழவரோட தொப்பி மிதக்குது. ஆளு உள்ள போய் எல்லாம் முடிஞ்சுபோச்சு. பயந்துட்டேன். ஒரு நாற்காலியக் கொண்டாந்து போட்டேன். செத்தவனுக்கு அதனால என்ன நஷ்டம்?"

ருக்சந்த்ரா அவன் மேல் பாயப் போனாள். பாம்ஃபில் ஒரு கையால் தடுத்தான்.

"என் புருஷன உள்ள தள்ளிட்டு, என்ன நஷ்டமா? நேத்து ராத்திரி என் வீட்டுக்கு வந்து ஆறுதல் சொன்னியேடா, பாவி!"

ஹரலம்ப் பெருமூச்சு விட்டார். "அஜாக்கிரதை. பொய்ச் சாட்சி. வக்கீல் நல்லவனா அமைஞ்சா பெருசா ஒண்ணும் ஆகாது." தோவாதரை விட்டுவிடலாம் என்றும், சில்வெஸ்த்ரு பிறகு ஸ்டேஷனுக்கு வந்து எழுதிக் கொடுத்தால் போதும் என்றும் சொன்னார். சில்வெஸ்த்ருவின் முகத்தில் மெல்ல ரத்தம் ஏறியது. அந்த நிம்மதியைப் பார்க்க ஸெனோவியாவுக்குச் சகிக்கவில்லை. ஊறிய முட்டைக்கோஸ் நாற்றமே தேவலை என்று இருந்தது. அவள் முகத்தைத் திருப்பி நாற்காலியைப் பார்த்தாள்.

மேலே பனி பளிங்கு மாதிரி இருந்தது. ஆனால் முன்னங்கால் ஒன்றின் அடியில் கட்டியிருந்த பனி மட்டும் கறுத்துச் சகதி நிறத்தில் இருந்தது. அது மழையின் பனி இல்லை. சாக்கடை வெள்ளத்தில் தோய்ந்து, ராத்திரிக் குளிரில் இறுகிய பனி. அதற்குள் ஏதோ சிவப்பாகத் தெரிந்தது.

"பாம்ஃபில், குடைய மடக்கு."

"உருகிடும் மேடம்!"

"உருகட்டும். நாற்காலியத் தூக்கி வெயில்ல வை."

முற்றத்தில் நாற்காலியிலிருந்து விழும் சொட்டுச் சத்தம் மட்டும் கேட்டது. சகதிப் பனி நெகிழ்ந்தது, ஒரு பக்கம் விரிசல் விட்டது, கழன்று விழுந்தது. காலைச் சுற்றி இறுக முறுக்கிய ஒரு நூல். சிவப்பும் வெள்ளையுமாகத் திரித்த கம்பளி. மார்ச் முதல் தேதி அன்புக்கு அடையாளமாகக் கட்டிக்கொள்ளும் நூல். நுனியில் ஒரு பச்சைப் பொத்தான்.

ருக்சந்த்ரா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இது நான் திரிச்சதுக்கா. என் பழைய ஸ்வெட்டர்ப் பொத்தான். கவ்ரில் தாத்தா பொண்ணு இத்தாலில இருக்கு, கட்ட ஆளில்லேன்னு நான்தான் அவரு மணிக்கட்டுல கட்டி விட்டேன். மரத்துல பூ பாத்ததும் கழட்டிக் கிளைல கட்டறேன்னு சொன்னாரு."

"கைல," என்றாள் ஸெனோவியா. "கைல கட்டின நூலு நாற்காலிக் கால்ல எப்படி வந்துச்சு, சில்வெஸ்த்ரு? செத்தவன் கை மேல எழும்பி வந்து பிடிச்சுதா?"

அவன் ஓர் அடி பின்னால் வைத்தான்.

"நீ நாற்காலிய வச்சப்ப அவரு உசுரோட இருந்தாரு. ஏணிக் கம்பியப் பிடிச்சு ஏறி வந்து, கைய நீட்டி, இந்தக் காலப் பிடிச்சாரு. நேத்து சாயங்காலம் உள்ள கடை நிறைய ஆளுங்க குடிச்சிட்டு இருந்தாங்க. ஒரு சத்தம் போட்டிருந்தா பத்துப் பேரு வந்திருப்பாங்க."

"தூக்கத்தான் நீட்டினேன்!" சில்வெஸ்த்ரு கத்தினான். "தூக்கத்தான்! ஆனா அந்தக் கிழவன், அந்த நிலைமைலயும், 'நீதானே திறந்த, உன்ன விட மாட்டேன்'னு..." ஏப்ரனால் முகத்தைத் துடைத்தான். வார்த்தை அவனைக் கேட்காமலேயே வெளியே வந்தது. "நாற்காலிய விடவே மாட்டேன்னுட்டான். எவ்வளவு உதறியும் விடல."

சொன்ன பிறகுதான் சொன்னது அவனுக்கே உறைத்தது.

ஹரலம்ப் எழுதிக் கொடுத்தால் போதும் என்று இப்போது சொல்லவில்லை. விலங்கை எடுத்தார். பாம்ஃபில் வாயிலிருந்த விதைத் தொலியைத் துப்பிவிட்டு, நாற்காலியைத் தொடாமல் இரண்டடி தள்ளி நின்றான். ஸெனோவியா கடைக்குள் போய்க் குழாயைத் திறந்து, எதையும் தொடாத கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். அருவருப்பு போகவில்லை. மறுபடியும் கழுவினாள்.

வெளியே வந்தபோது வெள்ளம் வடிந்திருந்தது. குழி மேல் போலீஸ் வைத்த நாற்காலி அப்படியே நின்றது. ஜன்னல்களில் திரைகள் விலகி, முகங்கள் முளைத்திருந்தன. சில்வெஸ்த்ருவை ஜீப்பில் ஏற்றுவதை எல்லோரும் ஆவலாகப் பார்த்தார்கள்.

"உங்க புருஷன இன்னும் கொஞ்ச நேரத்துல விட்டுருவாங்க. போய் ஸ்டேஷன் வாசல்ல நில்லும்மா," என்றார் ஹரலம்ப்.

"போறேன் சார்," என்றாள் ருக்சந்த்ரா. ஆனால் போகவில்லை.

அவள் நேராகக் குழியிடம் நடந்தாள். நாற்காலியை எடுத்துச் சுவரோரம் வீசினாள். சகதியில் மண்டியிட்டு இரும்பு மூடியின் விளிம்பில் கையைக் கொடுத்தாள். ஸெனோவியாவும் பாம்ஃபிலும் ஓடிப் போய்ப் பிடித்தார்கள். மூன்று பேரும் மூச்சு முட்ட இழுத்ததும் மூடி சரிந்து தன் இடத்தில் உட்கார்ந்தது.

ருக்சந்த்ரா எழுந்து அதன் மேல் ஏறினாள். ஜன்னல்களை ஒவ்வொன்றாக நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குதிகாலால் ஓங்கி இரண்டு மிதி மிதித்தாள்.

டங்கு. டங்கு.

"கேட்டுச்சா?" என்று கத்தினாள். "அன்னிக்கும் இப்படித்தான கேட்டுச்சு?"

ஜன்னல் திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன.